கேள்விக்குத் தரப்பு உண்டு, விடைக்கு இல்லை: உண்மைச் சார்புவாதமும் செய்தியின் நம்பகமும்

"அது அவங்க பார்வையில் உண்மை" என்று எந்தத் தொலைக்காட்சி நெறியாளரும் இன்று தயங்காமல் சொல்லிவிட முடிகிறது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டிய சங்கடம் இல்லை. சண்டையில்லாமல் விளம்பர இடைவேளைக்குப் போய்விடலாம். ஆனால் பாலம் இடிந்ததா, பணம் கைமாறியதா, கைகள் கட்டப்பட்ட ஒருவர் சுடப்பட்டாரா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு விடை இருக்க வழியில்லை.

உண்மை என்பது பார்ப்பவரையோ அவர் சார்ந்த கூட்டத்தையோ பொறுத்தது என்ற கொள்கையைச் சார்புவாதம் என்கிறோம். ஊடகத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரில் மூன்று கூற்றுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு நிகழ்வை வெவ்வேறு இடத்தில் நிற்பவர்கள் வெவ்வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்பது முதல் கூற்று. ஒவ்வொரு செய்தியும் ஏதோ ஒரு நிறுவனம், வர்க்கம், சாதி, மொழி, நாடு ஆகியவற்றின் நலன்களுக்குள் இருந்துதான் எழுதப்படுகிறது என்பது இரண்டாவது. ஆகவே எந்தக் கணக்கும் இன்னொன்றைவிட உண்மையானதல்ல என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் மறுப்பதற்கில்லை. அவற்றிலிருந்து மூன்றாவது கிளைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. செய்தியின் நம்பகமும் சரிபார்ப்புப் பணியின் நியாயமும் இந்த ஒரு தாவலைப் பொறுத்தே நிற்கின்றன.

பழைய வழக்கு

மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கத்தில் புரோட்டகோரஸ் வாதிட்டார். 'தியாடீட்டஸ்' உரையாடலில் பிளேட்டோ எழுப்பும் மறுப்பு எளிமையானது: எல்லாருடைய கருத்தும் அவரவருக்கு உண்மை என்றால், புரோட்டகோரஸ் சொல்வது தவறு என்று நினைப்பவரின் கருத்தும் உண்மையாகிவிடும். பிறகு அவரிடம் பாடம் கேட்கப் போவானேன்?

நம் பக்கத்தில் சார்புவாதத்துக்குத் துணையாகச் சமணர்களின் அனேகாந்தவாதத்தை அழைப்பது வழக்கம். அந்தக் கொள்கை ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்கிறது. ஆனால் எந்தக் கூற்றையும் நிபந்தனையோடு சொல்லச் சொல்கிறது. இந்தக் கோணத்திலிருந்து, இந்த நிலையில், இது இப்படி என்று வரையறுப்பது எதைச் சொன்னாலும் சரி என்பதாகாது; அது கூடுதல் கறாரைக் கேட்கிறது. அனேகாந்தம் பேசிய சமணர்கள்தான் பிற சமயத்தாரோடு விடாமல் வாதிட்டு 'நீலகேசி'யையும் தந்தார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரைச் சந்திக்கும்போது முதலில் பேசுபவர் அளவைவாதி. என்ன நம்புகிறாய் என்பதற்கு முன்னால் எந்த அளவையால் அறிந்தாய் என்று கேட்கும் மரபு அது.

நம் காலத்தில் இந்த வழக்கை உள்ளிருந்தே திருப்பிப் பார்த்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருனோ லத்தூர். அறிவியல் உண்மைகள் சமூகத்துக்குள் எப்படி உருவாகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். அதே விமர்சனக் கருவிகளைப் புவி வெப்பமாதலை மறுப்பவர்கள் கையில் எடுத்துக்கொண்டதைக் கண்டு, 2004இல் வெளியான கட்டுரையில் தன் துறையையே அவர் கேள்வி கேட்டார். அவர்கள் தத்துவம் படித்து அங்கே வந்தவர்கள் அல்ல. சந்தேகத்தையே தங்கள் சரக்கு என்று அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றின் உள்குறிப்பு 1969இலேயே எழுதிவிட்டது. தங்கள் பொருளுக்கு எதிரான ஆதாரத்தை உடைக்க முடியாதபோது, இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்பது அந்த வியாபாரத்தின் கண்டுபிடிப்பு.

செய்தி அறைக்குள் வந்த வழி

சார்புவாதம் செய்தி அறைக்குள் புத்தகம் வழியாக வரவில்லை. நேர நெருக்கடி, அவதூறு வழக்கு பயம், விளம்பரதாரர், ஆளுங்கட்சி ஆகியவை சேர்ந்து அதை உள்ளே கொண்டுவந்தன. இரண்டு தரப்பையும் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற பழக்கம் அப்படிப் பிறந்தது. சமூகவியலாளர் கேய் டக்மன் 1972இல் இதைத் தற்காப்புச் சடங்கு என்ற பொருளில் விளக்கினார்: மேற்கோள் குறி, எதிர்த்தரப்பு மறுப்பு, 'கூறப்படுகிறது' போன்றவை செய்தியாளரைக் காக்கின்றன, வாசகருக்கு எது நடந்தது என்று சொல்வதில்லை.

இதன் விலையை அமெரிக்கா 1950இல் கொடுத்தது. பிப்ரவரி 9 அன்று வீலிங் நகரில் பேசிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் சொன்னார். முதலில் 205 பேர் என்று செய்தி வந்தது. சில நாட்களில் 57 ஆனது. செனட் அவையில் 81 ஆனது. செனட்டர் சொன்னார் என்பது உண்மை, ஆகவே அது செய்தி என்று நாளிதழ்கள் ஒவ்வொரு எண்ணையும் அச்சிட்டன. எண் ஏன் மாறுகிறது என்று கேட்பது சார்பு எடுப்பதாகக் கருதப்பட்டது.

பருவநிலைச் செய்திகளிலும் இதே கதை. மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் சகோதரர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 1988 முதல் 2002 வரை முன்னணி அமெரிக்க நாளிதழ்களில் வந்த செய்திகளை எடுத்துப் பார்த்தது. மாதிரியில் பாதிக்கும் சற்று மேற்பட்டவை, புவி வெப்பமாதலில் மனிதரின் பங்கு உண்டு என்பதையும் அது இயற்கையான ஏற்ற இறக்கம் என்பதையும் சமமாக நிறுத்தியிருந்தன. அறிவியலாளர்களிடையே அப்படியொரு சமநிலை இல்லை. சமநிலை செய்தியில் மட்டுமே இருந்தது. நம் தொலைக்காட்சியில் நான்கு சன்னல்களில் நான்கு பேரை உட்காரவைத்து, அரசு ஆவணத்தைத் திறந்தால் தெரிந்துவிடக்கூடிய ஓர் எண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் கத்தவிடுவதும் இந்த மரபின் வாரிசுதான்.

நடுநிலை என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் வேறு. அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் இருவரும் 1920இல் ரஷ்யப் புரட்சி பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' மூன்றாண்டுகள் வெளியிட்ட செய்திகளை ஆராய்ந்தார்கள். போல்ஷ்விக் ஆட்சி விழுந்துவிட்டது அல்லது விழப்போகிறது என்று அந்த நாளிதழ் 91 முறை எழுதியிருந்தது. செய்தியாளர்கள் கண்டதை எழுதவில்லை, காண விரும்பியதை எழுதினார்கள் என்பது ஆய்வின் முடிவு. செய்தியாளருக்கு விருப்பு வெறுப்பு இருக்கும். ஆகவே முறை கறாராக இருக்க வேண்டும் என்று லிப்மன் கேட்டார். மனிதர் நடுநிலையானவர் என்ற பாசாங்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பாசாங்கு உடைந்ததும், முறையும் பொய் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

சரிபார்ப்பு ஒரு தொழிலாக

நாளிதழ்கள் தேர்தல் விளம்பரங்களைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற குரல் 1988 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பின் எழுந்தது. 2003இல் ஃபேக்ட்செக், 2007இல் பாலிட்டிஃபேக்ட் தொடங்கின. போய்ன்டர் நிறுவனத்தின் கீழ் 2015இல் உருவான சர்வதேசச் சரிபார்ப்பு வலையமைப்பு, அடுத்த ஆண்டு நெறிமுறை ஒன்றை வகுத்தது. டியூக் பல்கலைக்கழகக் கணக்கின்படி உலகில் இன்று 400க்கும் மேற்பட்ட சரிபார்ப்பு அமைப்புகள் இயங்குகின்றன. இந்தியாவில் ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்றவை இந்த வரிசையில் வந்தவை.

இந்தத் தொழிலுக்கு வந்த எதிர்ப்பில் கவனிக்க வேண்டியதும் உண்டு. எந்தக் கூற்றைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே சார்பு நுழைகிறது. ஒரு பேச்சை எத்தனை கூற்றுகளாக உடைப்பது என்பதும் சரிபார்ப்பவர் கையில் இருக்கிறது என்று அரசியல் அறிஞர்கள் உசின்ஸ்கியும் பட்லரும் 2013இல் வாதிட்டார்கள். ஆய்வாளர் க்ளோயி லிம் 2018இல் பாலிட்டிஃபேக்டையும் 'வாஷிங்டன் போஸ்ட்' சரிபார்ப்புப் பகுதியையும் ஒப்பிட்டார். அப்பட்டமான பொய்யிலும் தெளிவான உண்மையிலும் இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. 'பாதி உண்மை', 'பெரும்பாலும் பொய்' போன்ற நடுப்படிகளில் ஒற்றுமை குறைந்தது.

சார்புவாதிகள் இதைத் தங்கள் வெற்றியாகப் படிக்கிறார்கள். எனக்கு அது எல்லைக்கோடாகத் தெரிகிறது. நடந்ததா, எத்தனை, எப்போது, யார் என்ற கேள்விகளில் வெவ்வேறு ஆட்கள் ஒரே விடைக்கு வருகிறார்கள். ஏமாற்றும் நோக்கம் எவ்வளவு, சூழலை எவ்வளவு மறைத்தார் என்ற மதிப்பீடுகளில் பிரிகிறார்கள். சரிபார்ப்பாளர்கள் தீர்ப்போடு போடும் மூக்கு நீளும் பொம்மைப் படமும் மதிப்பெண் அட்டவணையும் மதிப்பீட்டுக்கு அளவீட்டின் வேடம் போட்டுவிடுகின்றன. சரிபார்ப்பின் மீதான நியாயமான கோபத்தில் பெரும்பகுதி இந்த வேடத்திலிருந்து வருகிறது.

ஒரு காணொளி, எதிரெதிர் முடிவுகள்

2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒரு கைபேசிக் காணொளியை ஒளிபரப்பியது. நிர்வாணமாக, கைகள் பின்னால் கட்டப்பட்டவர்களைச் சீருடை அணிந்தவர்கள் பின்புறமிருந்து சுடும் காட்சி. இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. காணொளி போலியானது என்று இலங்கை அரசு மறுத்தது. தன் பக்கத்தில் நான்கு வல்லுநர்களின் கருத்தையும் வைத்தது. தமிழர் தரப்பு ஒன்று, அரசுத் தரப்பு ஒன்று என்று எழுதிவிட்டு ஒதுங்க எல்லா வசதியும் இருந்தது. பலர் அப்படியே ஒதுங்கினார்கள்.

ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் ஒதுங்கவில்லை. அரசின் நான்கு வல்லுநர்களில் இருவர் ராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்று சுட்டிக்காட்டினார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. யார் சொன்னார் என்பது சந்தேகத்தை எழுப்பலாம், முடிவைத் தர முடியாது. தடயவியல் மருத்துவர், துப்பாக்கி வல்லுநர், காணொளிப் பகுப்பாய்வாளர் என மூவரிடம் தனித்தனியாக ஒப்படைத்தார். 2010 ஜனவரியில் வந்த முடிவு இது: படத்தில் வெட்டு ஒட்டுக்கோ மேலடுக்குக்கோ தடயமில்லை, துப்பாக்கியின் பின்னுதைப்பும் வாயிலிருந்து வெளியேறும் வாயுவும் உண்மையான தோட்டாவோடு பொருந்துகின்றன, வெற்றுத் தோட்டாவோடு அல்ல, சுடப்பட்ட உடல்கள் எதிர்வினை காட்டிய விதமும் ரத்தமும் மிக அருகிலிருந்து சுடுவதோடு பொருந்துகின்றன.

அந்த அறிக்கையின் தரம் அடுத்த பத்தியில் இருக்கிறது. தங்களால் விளக்க முடியாதவற்றையும் வல்லுநர்கள் பட்டியலிட்டார்கள்: சிலரின் உடல் அசைவு, படத்தின் முடிவில் வரும் 17 சட்டகங்கள், கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் மே மாதமே முடிந்துவிட்டதால் அந்தத் தேதி சிறிய முரண் அல்ல. இவை ஒவ்வொன்றையும் காணொளி உண்மையானது என்ற முடிவோடு முரண்படாமல் விளக்க முடியும் என்று ஆல்ஸ்டன் காரணம் சொன்னார். அதிகத் தெளிவோடு கிடைத்த நீண்ட வடிவத்தை அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2011இல் மறுபடி சோதனைக்கு அனுப்பி, அதே முடிவுக்கு வந்தார்.

இந்தக் காணொளியைச் சோதிக்க வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களுக்குத் தரப்பு இருந்தது, மறுத்தவர்களுக்கும் இருந்தது. பின்னுதைப்புக்குத் தரப்பு இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதியதால் அறிக்கை பலவீனமாகவில்லை. அதை உடைக்க விரும்புகிறவருக்கு எங்கே உடைக்கலாம் என்று காட்டியது. அப்படிக் காட்டும் துணிவிலிருந்துதான் நம்பகம் பிறக்கிறது. இறந்தோர் எண்ணிக்கையிலும் இதே பாடம் உண்டு. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. எண்ணில் உறுதி இல்லை என்பதற்கு எண்ணே இல்லை என்று பொருளாகாது. எண்ண விடப்படவில்லை என்றுதான் பொருள்.

திருப்பூர், 2023

இன்னொரு உதாரணத்தில் தரப்புகள் இடம் மாறுகின்றன. 2023 ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களை விரட்டி அடிப்பதாக ஒரு காணொளி பரவியது. தேநீர்க் கடையில் புகைபிடித்ததில் தொடங்கிய தகராறு என்று காவல்துறை விளக்கியது. மார்ச் முதல் வாரத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது: தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று இந்தி நாளிதழ்களிலும் யூடியூபிலும் செய்தி ஓடியது, பிகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. பரவிய காணொளிகளில் ஒன்று பிகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையிலான மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்றார் தமிழ்நாட்டின் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு. ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலைக் காட்சியும் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்ததைச் சரிபார்ப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடம் பேசிச் சென்றது.

நல்ல சரிபார்ப்பாளருக்கு இங்கே சோதனை இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், ரயில் பெட்டியில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் ஏசி அடிக்கும் காணொளி வந்தது. அது போலியல்ல, ரயில்வே காவல்துறை அவரைக் கைது செய்தது. மார்ச்சில் ஊருக்குக் கிளம்பியவர்களில் ஹோலிக்குப் போனவர்களும் இருந்தார்கள், பயந்து போனவர்களும் இருந்தார்கள். கொலைச் செய்தி பொய் என்பதும் வெறுப்பு இருந்தது என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. தமிழகத்தின் மானம் காக்கப்பட்டது என்ற மகிழ்ச்சியில் இரண்டாவதை விழுங்கிவிடுபவர், தன் ஊருக்குப் பொருந்தும் உண்மையை மட்டும் தேடியவராகிறார். பல பக்கம் உண்டு என்ற எச்சரிக்கை உண்மையில் பயன்படும் இடம் இது. அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்கிறது அது. கிடைத்த விடையைத் தள்ளச் சொல்லவில்லை.

அரசு தீர்ப்பெழுதினால்

சார்புவாதத்துக்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. உண்மை ஒன்றுதான், அதை நாங்களே அறிவிக்கிறோம் என்று அதிகாரம் முன்வருவது. ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. அரசின் செயல்பாடுகள் பற்றிய எந்தத் தகவல் பொய்யானது, திரிக்கப்பட்டது என்று அரசின் சரிபார்ப்புப் பிரிவே அடையாளமிடும். அதன் பிறகும் அதை வைத்திருக்கும் சமூக ஊடகம் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜனவரியில் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி ஏ.எஸ். சந்துர்கர் செப்டம்பரில் அந்தத் திருத்தம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றார். தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. சுதந்திரமாக இயங்கிய யூடர்ன் தளத்தை நிறுவியவரே அதன் இயக்குநரானார். அதன் பணி பயனுள்ளதாகவே இருக்கலாம். ஆனால் வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர் நீதிபதியின் நாற்காலியிலும் உட்காரும்போது, சரியான தீர்ப்பும் சந்தேகத்துக்குள்ளாகிறது. அரசு மறுப்பு வெளியிடட்டும், ஆவணத்தைத் தரட்டும். அதை மறுப்பு என்றே அழைக்கட்டும்.

வாசகர் என்ன செய்கிறார்

தவறான செய்திக்கு வரும் திருத்தத்தைப் படித்தால் மக்கள் இன்னும் பிடிவாதமாகிறார்கள் என்று ஆய்வாளர்கள் நைஹனும் ரீஃப்லரும் 2010இல் சொன்னது புகழ்பெற்றது. பின்னர் உட், போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 பொருள்களில் சோதித்தபோது அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்கும் தென்படவில்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் பொதுவாகத் திருத்தத்தின் பக்கமே நகர்ந்தார்கள். நைஹனும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு மறுபாதியைச் சேர்த்தது: டிரம்ப் சொன்னது தவறு என்பதை அவர் ஆதரவாளர்களும் ஏற்றார்கள், ஆதரவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. எனவே பெரும்பாலான மக்கள் சார்புவாதிகள் அல்லர். உண்மை எது என்பதை அறிகிறார்கள். அதற்கு எவ்வளவு எடை தருவது என்பதில் தங்கள் பக்கத்தோடு நிற்கிறார்கள். சரிபார்ப்பின் வேலை முதல் பாதியோடு முடிகிறது. இரண்டாம் பாதி அரசியலின் வேலை.

கவலைக்குரியது வேறு இடத்தில் இருக்கிறது. போலி மலிந்த காலத்தில் உண்மையான ஆதாரத்தையும் போலி என்று தள்ளிவிடலாம். பொய்யருக்குக் கிடைக்கும் இந்த லாபத்தைச் சட்ட அறிஞர்கள் செஸ்னியும் சிட்ரனும் 2019இல் விவரித்தார்கள். 15,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடந்த பின்னாளைய ஆய்வில், எழுத்துவடிவச் செய்தியைப் போலி என்று மறுத்த அரசியல்வாதிக்கு ஆதரவு கூடியது. காணொளி இருந்தபோது அந்த உத்தி எடுபடவில்லை. செயற்கை நுண்ணறிவு காணொளியின் அந்த மிச்ச வலிமையையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சரிபார்ப்பு அமைப்புகளுடனான ஏற்பாட்டை, அவை அரசியல் சார்புடையவை என்று சொல்லி, முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மாற்றாக எக்ஸ் தளத்தின் பாணியில் பயனர்களே குறிப்பு எழுதும் முறையைக் கொண்டுவந்தது. வழக்கமாக முரண்படும் இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டால்தான் குறிப்பு தெரியும் என்ற விதி புத்திசாலித்தனமானது. தேர்வில் இருக்கும் சார்பை அது குறைக்கும். ஆனால் இரு கூட்டங்கள் ஒருபோதும் ஒத்துப்போகாத விஷயத்தில் அது மௌனமாகிவிடும். உடன்பாடு உண்மைக்கு அடையாளமாகலாம், உண்மையாகாது. 2009 காணொளிக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் சேர்ந்து கையெழுத்திடும்வரை காத்திருந்தால் குறிப்பே வந்திருக்காது.

முடிவு

ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் பன்னாட்டுக் கணிப்புகளில், செய்திகளைப் பெரும்பாலும் நம்புவதாகச் சொல்பவர்கள் சில ஆண்டுகளாக 40 சதவீதம் அளவிலேயே நிற்கிறார்கள். எல்லாம் அவரவர் பார்வை என்று ஊடகம் தணிந்துபோனால் இந்த எண் உயராது. தீர்ப்பை மட்டும் உரக்க அறிவித்தாலும் உயராது. தேர்வில் இருக்கும் சார்பை ஒப்புக்கொண்டு, எதை ஏன் சோதித்தோம் என்று சொல்ல வேண்டும். விடைக்குப் போன வழியை வாசகர் தானும் நடந்து பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். மதிப்பீட்டுக்கு அளவீட்டின் வேடம் போடக் கூடாது. விளக்க முடியாததைப் பட்டியலிட வேண்டும். தன் பக்கத்துக்கு வலிக்கும் கண்டுபிடிப்பையும் அதே எழுத்தளவில் போட வேண்டும்.

சார்புவாதம் எளியவரின் பக்கம் நிற்கும் கொள்கை என்று பலர் நல்ல எண்ணத்தோடு நம்புகிறார்கள்: அதிகாரத்தின் ஒற்றை உண்மையை அது உடைக்கிறதல்லவா? உடைக்கும்போது கூடவே எளியவரின் ஒரே ஆயுதத்தையும் உடைத்துவிடுகிறது. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளைகள் எங்கே? அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. அது யாருக்கோ தெரிந்திருக்கிறது. அவரவருக்கு ஓர் உண்மை என்று ஊடகம் எழுதினால், விடையை ஒளித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அதில் லாபம்.